இடது மேல் கட்டத்தில் சிவப்பு

2025 பிப்ரவரி 2, ஞாயிற்றுக்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்தேன். பாலை அடுப்பில் வைத்துவிட்டு மாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தேன். பாதி இருந்தது, மோட்டார் போடவில்லை. தேநீர் குடித்துவிட்டு இரண்டு சட்டைகளுக்கு இஸ்திரி போட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆறு மணியிலிருந்து எட்டு மணி வரை புத்தக வேலை. அன்றும் அப்படியே மேஜையில் உட்கார்ந்து, ஐந்தாம் அத்தியாயத்தில் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்த இடத்திலிருந்து தொடர்ந்தேன். ஒன்றரைப் பக்கம் நகர்ந்தது.

அது போலந்து நாட்டு விமானப்படையின் முதல் சில ஆண்டுகளைப் பற்றிய சின்னப் புத்தகம். அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துவது என் பிழைப்பு. விமானத்தில் ஒருமுறைகூட ஏறியதில்லை. புத்தகம் என் தம்பியுடையது. அவன் சொல்வான், நான் எழுதுவேன் என்று ஏற்பாடு. நான்கு அத்தியாயம் வரை சொன்னான்.

தம்பி நம் நாட்டு விமானப்படையில் இருபது ஆண்டுகள் தரைப்பிரிவில் இருந்தான். விமானங்களின் உடல் தகடுகளைப் பழுது பார்க்கும் வேலை. வடக்கே ஒரு தளத்தில் இருந்தபோது குளிர் தாங்காமல் நூலகத்துக்குப் போய் உட்கார ஆரம்பித்திருக்கிறான்; அங்கேதான் ஹீட்டர் இருந்தது. சும்மா உட்காரக் கூடாதென்று நூலகர் முறைக்க, கைக்கு வந்த ஒரு தடித்த புத்தகத்தை எடுத்துப் பிரித்தான். அதில் போலந்து விமானங்களின் பழைய படங்கள் இருந்தன. இப்படித்தான் தொடங்கியது என்று அவனே சிரித்துக்கொண்டு சொல்வான்.

அவனைப் பிடித்திழுத்தது சண்டைகள் இல்லை. 1918 நவம்பரில் அந்த நாடு நூற்றுச்சொச்சம் ஆண்டுகளுக்குப் பிறகு மறுபடியும் ஒரு நாடாயிற்று. அதுவரை மூன்று பேரரசுகள் அதைப் பங்கு போட்டு வைத்திருந்தன. அந்த ஊர்ப் பிள்ளைகள் மூன்று படைகளிலும் சேர்ந்து, ஒரே போரில் எதிரெதிர்ப் பக்கங்களில் பறந்தவர்கள். பேரரசுகள் சரிந்ததும் தங்கள் ஊர்களிலிருந்த விமானக் கொட்டகைகளைக் கைப்பற்றினார்கள். உள்ளே நின்றவை பல தேசத்து, பல மாதிரி விமானங்கள். ஒன்றின் உதிரிபாகம் இன்னொன்றுக்குச் சேராது. நேற்று ஒருவரையொருவர் சுடக்கூடிய இடத்தில் இருந்தவர்கள், இன்று ஒரே விமானத்தில் முன்னும் பின்னுமாக உட்கார்ந்து மேலே போனார்கள். பாராசூட் கிடையாது.

"நம்ம ஏரி மாரிதான்ணா," என்பான் தம்பி. பழவேற்காடு ஏரியில் பாதிக்கு மேல் ஆந்திரம். எங்கள் ஊரான தோணிரேவுக்காரர்களும் அந்தப் பக்கத்துக்காரர்களும் வலை போடும் இடத்துக்காக அடித்துக்கொண்ட காலம் எனக்கு நினைவிருக்கிறது. தம்பி பெண் எடுத்தது சுண்ணாம்புக்குளத்துக்கும் அப்பால், அந்தப் பக்கத்து ஊரில். அடித்துக்கொண்டவர்கள் எல்லாரும் அவன் கல்யாணத்தில் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

பணி முடிந்து ஊருக்கு வந்ததும் ஒரு பைபர் படகு வாங்கினான். வாங்கிய வாரத்தில் அதன் முன்பக்கத்தில், இரு புறமும், முழங்கை நீளத்துக்கு ஒரு சதுரம் வரைந்தான். சதுரத்துக்குள் நான்கு கட்டம். இரண்டு சிவப்பு, இரண்டு வெள்ளை, மாற்றி மாற்றி. அதுதான் போலந்து விமானங்களின் அடையாளம். முதலில் அது ஒரே ஒரு விமானி தன் விமானத்தில் தனக்கென்று வரைந்துகொண்டது. மேலே இருந்தவர்களுக்குப் பிடித்துப் போனது. 1918 டிசம்பரில் படை முழுவதற்கும் அதுவே அடையாளமாகிவிட்டது. வரைந்தவர் போருக்குப் பிறகு, சண்டை ஏதுமில்லாத ஒரு நாளில் விமானத்தோடு விழுந்து இறந்தார். கட்டங்கள் இன்றும் அந்த நாட்டு விமானங்களில் இருக்கின்றன. பழைய முறையில் இடது மேல் கட்டம் சிவப்பு. 1990களில்தான் அதை மாற்றி வெள்ளையாக்கினார்கள். தம்பி பழைய முறைப்படி சிவப்பு வைத்தான்.

ஊரில் அந்தக் கட்டங்கள் எல்லாருக்கும் பிடித்துவிட்டன. வெயிலில் தூரத்திலிருந்தே பளிச்சென்று தெரியும். முதலில் எங்கள் சித்தப்பா மகன் தன் படகில் போட்டான். பிறகு இன்னும் மூன்று பேர். சித்தப்பா மகன் இடது மேல் கட்டத்தில் வெள்ளையை வைத்துவிட்டான். மற்ற மூவரும் அவனுடையதைப் பார்த்து வரைந்ததால் அவர்களுடையதும் அப்படியே. தம்பி அவனைக் கரையில் வைத்துக் கிண்டல் செய்த அன்று நானும் இருந்தேன்.

"இன்னாடா, தலகீழா போட்டு வெச்சிகீற?"

"செவப்பு மேல இருந்தா இன்னா, கீழ இருந்தா இன்னா. மீனு வந்து பாத்துட்டா வலைல வுழுது?"

எல்லாரும் சிரித்தோம். தம்பி மனைவியும், கூடையைத் தலையிலிருந்து இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தாள்.

சென்ற ஆண்டு தை மாதத்தில் ஒரு பிற்பகல், தம்பி முகத்துவாரத்துக்கு வெளியே போட்டிருந்த வலையை எடுத்து வரப் போனான். கூடப் போகும் ஆளுக்குக் காய்ச்சல். சின்ன வேலைதானே என்று தனியாகப் போனான். முகத்துவாரத்தில் மணல் மேடு ஒவ்வொரு பருவத்திலும் இடம் மாறும். அதன் மேல் அலை உடையும் இடத்தில் அவன் படகு கவிழ்ந்தது. யாரும் பார்க்கவில்லை.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. கரையில் நிற்கும் பெண்ணிடம் அவள் வீட்டுப் படகு வந்துவிட்டதா என்று யாரும் கேட்க மாட்டார்கள். அப்படிக் கேட்பதே தப்பு, கேட்டால் வராமலே போய்விடும் என்று பயம். அந்த வீட்டார் வாய் திறந்து சொன்னால்தான் தேடப் போவார்கள். சொல்லிவிட்டாலோ சாப்பிட்டுக்கொண்டிருப்பவனும் கையை உதறிக்கொண்டு எழுந்து ஓடுவான்.

அன்று பொழுது சாய்கிற நேரத்தில் தம்பி மனைவி ஏரிக்கரைக்கு வந்து நின்றாள். முகத்துவாரத்தின் பக்கமிருந்து ஒரு படகு உள்ளே திரும்பியது. முன்பக்கத்தில் சிவப்பும் வெள்ளையுமாகக் கட்டங்கள். படகு நேராக வீட்டுக்கு வராது. மீன் இறக்கும் இடத்துக்குப் போய் ஏலம் விட்டுவிட்டுத்தான் வரும். பக்கத்தில் நின்றவர்களிடம், "உள்ள வந்துட்டாரு," என்று சொல்லிவிட்டு, உலை வைக்க வீட்டுக்குப் போனாள். வந்தது சித்தப்பா மகனின் படகு. அவனும் வரும் வழியில் தம்பியின் வலை மிதவைகளைப் பார்த்திருக்கிறான், படகைக் காணவில்லை. வலையை விட்டுவிட்டு மீனை மட்டும் எடுத்துக்கொண்டு சீக்கிரமே திரும்பியிருப்பான் என்று நினைத்துக்கொண்டான். கரைக்கு வந்தும், வழக்கப்படி, யாரிடமும் கேட்கவில்லை.

சோறு ஆறிப்போன பிறகுதான் அவள் மறுபடி கரைக்கு வந்து வாய் திறந்தாள். அத்தனை படகும் போயின. விடிந்த பிறகு கவிழ்ந்த படகு வடக்கே ஒரு மணல் திட்டில் கிடைத்தது. அதற்கும் வடக்கே, அவள் பிறந்த ஊர்க்காரர்களின் வலையருகே, தம்பி கிடைத்தான். இரண்டு உள்ளங்கைகளிலும் கயிற்றின் தடம் ஆழமாகப் பதிந்திருந்தது. கவிழ்ந்த படகின் கயிற்றை வெகு நேரம் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார் என்று பொன்னேரி மருத்துவமனையில் டாக்டர் சொன்னார். அவராகச் சொல்லவில்லை. நான்தான் கேட்டேன்.

இவ்வளவும் ஊருக்கே தெரியும். அவளே எல்லாரிடமும் சொன்னாள். ஒளிக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணி ரயிலில், நான் குடியிருக்கும் அனுப்பம்பட்டிலிருந்து பொன்னேரி, அங்கிருந்து ஊருக்குப் பேருந்து. நான் அன்று போனதற்குக் காரணம் அந்தப் படகு. வருஷத் திதி அதற்கு முந்தின வாரம் முடிந்திருந்தது. ஓராண்டு கரையில் கவிழ்த்து வைத்திருந்த படகை இனிமேல் தண்ணீரில் இறக்கலாம். அதை ஓட்டுவதற்காக அவளுடைய அண்ணன் அந்தப் பக்கத்திலிருந்து வந்து காத்திருந்தார். ஓராண்டாக அவள் இறால் கம்பெனிக்குத் தோல் உரித்துக் குடும்பத்தை நடத்திக்கொண்டிருந்தாள். விரல் நுனிகள் வெந்து போயிருந்தன. படகு ஓடினால் அந்த வேலையை விடலாம். ஆனால் அண்ணன் கேட்கும்போதெல்லாம், நாளைக்குப் பார்க்கலாம் என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். அண்ணன் எனக்குப் போன் செய்தார். தெலுங்கும் தமிழுமாக அவர் சொன்னதன் சாரம், அவள் படகு வேண்டாம் என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை என்பதுதான்.

ஊர் எல்லையில் பேருந்தை விட்டு இறங்கியபோது சித்தப்பா மகன் நின்றிருந்தான். கையில் ஒரு லிட்டர் வெள்ளைப் பெயிண்ட் டப்பா, இரண்டு பிரஷ், உப்புத்தாள். ஓராண்டில் தாடி நரைத்துவிட்டது. கட்டம் போட்ட நால்வரும் பேசி முடிவெடுத்துவிட்டதாகச் சொன்னான். நான்கு படகுகளிலும் கட்டங்களை அழித்துவிடப் போகிறார்கள். தம்பியின் படகில் மட்டும் அது இருக்கட்டும். ஆனால் அண்ணி ஒரு வார்த்தை சொல்லாமல் பிரஷைத் தொடக் கூடாது என்று மற்ற மூவரும் சொல்லிவிட்டார்களாம். அவனுக்கு அவள் முன்னால் போய் நிற்க முடியவில்லை. ஓராண்டாக எதிரே வந்தால் வேறு சந்தில் திரும்பிவிடுகிறான்.

"நீ கேளுண்ணா. அந்தக் கட்டத்தப் பாக்கறப்பல்லாம் அண்ணி மூஞ்சி எப்படி ஆவுதுன்னு நானும் பாத்துகினுதான கீறேன்."

நீயும் வா என்றேன். பின்னாலேயே வந்தான், வேலி ஓரத்தில் நின்றுகொண்டான்.

அவள் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு மோர் கொண்டுவந்தாள். புத்தகம் எதுவரை வந்திருக்கிறது என்று கேட்டாள். எப்போதும் கேட்பாள். ஐந்தாம் அத்தியாயத்தில், அமெரிக்காவிலிருந்து வந்து அந்தப் படையில் சேர்ந்தவர்களைப் பற்றி எழுதுகிறேன் என்றேன். அவர்களும் அந்தக் கட்டங்களைப் போட்டுக்கொண்டார்களா என்று கேட்டாள். போட்டுக்கொண்டார்கள், சிலர் அங்கேயே இறந்து அந்த மண்ணிலேயே புதைக்கப்பட்டார்கள் என்றேன். அவள் தலையாட்டிவிட்டு மறுபடி உட்கார்ந்து ஓர் இறாலைக் கையில் எடுத்தாள்.

நால்வரும் செய்ய நினைப்பதைச் சொன்னேன். சுருக்கமாகத்தான் சொன்னேன், ஆனாலும் முடிப்பதற்குள் அவள் கை நின்றுவிட்டது.

"செவப்பு மேலயா கீழயான்னு நான் பாக்கல மாமா. அன்னிக்கி அவ்ளோ சிரிச்சோமே. கட்டம் தெரிஞ்சிது, போய்ட்டேன்."

அவ்வளவு தூரத்தில், சாயங்கால வெளிச்சத்தில், யாருக்கும் தெரிந்திருக்காது என்றேன். அது உண்மைதான். முதல் மாதத்திலேயே அவள் நின்ற இடத்தில் நின்று, அதே நேரத்தில் பார்த்திருக்கிறேன். எனக்கும் தெரியவில்லை. இதையும் அவளிடம் அப்போதே சொல்லியிருந்தேன். உண்மையாக இருந்தும் அது அவளுக்குப் பயன்படவில்லை.

பிறகு அவள் வேலிப் பக்கம் பார்த்து, "இன்னா அங்கியே நிக்கற? உள்ள வா," என்றாள். ஓராண்டில் அவனிடம் பேசிய முதல் வார்த்தை. அவன் பெயிண்ட் டப்பாவைக் கீழே வைக்கத் தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு வந்தான்.

"நாலுத்துலயும் அழிச்சிட்டா இன்னா ஆவும்? எங்க அண்ணன் கடலுக்குப் போவாரு. நான் போய்க் கரைல நிப்பேன். அந்த நேரத்துக்குக் கட்டம் தெரிஞ்சாலும் நம்மளுதுதானான்னு மறுபடியும் ஒரு சந்தேகம். வேணாம். உங்களுதுல இருக்கட்டும். நம்ம போட்டுல மட்டும் அழிச்சிடுங்க. முன்பக்கம் பூராவும் வெள்ள. அப்பதான் நான் அண்ணன அனுப்புவேன்."

அவன் என்னைப் பார்த்தான். "அண்ணி, அது அண்ணன் கையால வரஞ்சது."

"தெரியும்."

"மத்ததெல்லாம் அத்தப் பாத்துப் போட்டது."

"எனக்குத் தெரியாதா? அவரு வரயறப்போ பெயிண்ட் டப்பாவ புடிச்சிகினு நின்னதே நான்தான்."

எனக்கும் ஒன்று சொல்ல வேண்டும்போல் இருந்தது. ஐந்து படகுகளில் சிவப்பை மேலே வைத்தது அது ஒன்றுதான். அதையும் அழித்துவிட்டால் அவன் போட்ட விதத்தில் இந்த ஏரியில் ஒன்றும் இருக்காது. ஆனால் அவள் மடியில் இருந்த கைகளைப் பார்த்தேன். சொல்லவில்லை. கட்டங்கள் இருந்தால் படகு கரையிலேயே கிடக்கும். கட்டங்கள் போனால்தான் படகு போகும். அவளுக்கு இரண்டில் ஒன்றுதான் முடியும். அவள் தேர்ந்தெடுத்துவிட்டாள்.

மூன்று மணிக்கு ஆரம்பித்தோம். அவள் அண்ணனும் நாங்களுமாகப் படகைப் புரட்டி நிமிர்த்தினோம். உள்ளே நண்டு ஓடுகளும் உலர்ந்த பாசியும் இருந்தன. அவர் துடைப்பத்தால் கூட்டி வெளியே தள்ளினார். சித்தப்பா மகன் வலது பக்கம், நான் இடது பக்கம். முதலில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தோம். தம்பி அடிக்கு அடி அளந்து, பென்சில் கோடு போட்டுத்தான் வரைந்திருந்தான். மேல் பெயிண்ட் உதிர்ந்த இடத்தில் பென்சில் கோடு தெரிந்தது. கட்டங்கள் நான்கும் சரியான சதுரங்கள். என் கைச் சாணால் அளந்து பார்த்தேன், ஒன்றுக்கொன்று நூலிழை வித்தியாசம் இல்லை. வேலையில் அவன் அப்படித்தான். பிறகு வெள்ளை அடித்தேன். முதல் பூச்சுக்குச் சிவப்பு மறையவில்லை, ரோஜா நிறத்தில் தெரிந்தது. காயவிட்டு இரண்டாம் பூச்சு அடித்தோம். அதற்கும் சாய்வாகப் பார்த்தால் லேசாகத் தெரிந்தது. டப்பாவின் அடியில் இருந்ததையும் வழித்து அடித்ததும் மறைந்தது.

அவள் வந்து பார்க்கவில்லை. இரண்டு முறை தேநீர் மட்டும் கொடுத்தனுப்பினாள்.

சித்தப்பா மகன் பிரஷ்களை மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டே, தன் படகில் கட்டங்களை மாற்றிப் போட்டுக்கொள்வதாகச் சொன்னான். சிவப்பை மேலே வைத்து, அண்ணன் வைத்த மாதிரி. சரி என்றேன். மற்ற மூவரையும் மாற்றச் சொல்லட்டுமா என்று கேட்டான். அவர்களுடையது அப்படியே இருக்கட்டும் என்றேன். பிறகு அவன், "கேட்டிருக்கலாம்ணா அன்னிக்கி," என்றான். யார் கேட்டிருப்பார்கள்? நான் இருந்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். எங்கள் ஊரில் பிறந்தவர்கள் யாரும் கேட்க மாட்டார்கள்.

அன்று தம்பி வீட்டிலேயே தங்கினேன். இரவுச் சாப்பாட்டுக்குக் கெளுத்திக் குழம்பு. அவள் அண்ணனோடு கூடப் போக, அன்று காய்ச்சலில் படுத்திருந்த அந்தப் பழைய ஆள் ஒப்புக்கொண்டுவிட்டான் என்று சொன்னார்கள். சாப்பிட்டு எழுந்தபோது அவள் ஒன்று கேட்டாள். நாளைக்கு முதலில் வலை வேண்டாம், சும்மா முகத்துவாரம் வரை போய்த் திரும்பி வர முடியுமா, கூடவே கட்டம் போட்ட படகு ஒன்றும் வர முடியுமா என்று கேட்டாள். எதற்கு என்று அவள் அண்ணன் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. சித்தப்பா மகனுக்குப் போன் செய்தேன். டீசல் போட்டு வைக்கிறேன் என்று மட்டும் சொன்னான்.

திங்கட்கிழமை காலையில், பல்கூடத் துலக்காமல், முதல் வேலையாக அதைத்தான் செய்தோம். பெயிண்ட் காய்ந்திருந்தது. இரண்டு படகுகளையும் தண்ணீரில் தள்ளிவிட்டோம். அவை சின்னதாகி முகத்துவாரத்தின் பக்கம் போயின. மணல் திட்டுக்கு அந்தப் பக்கம் மறைந்தன. அவள் அன்று நின்ற இடத்துக்கே போய் நின்றாள். நான் நான்கடி தள்ளி நின்றேன். வெளிச்சம் எங்களுக்கு எதிரே இருந்தது. கண்ணைச் சுருக்கித்தான் பார்க்க வேண்டியிருந்தது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு ஒரு புள்ளி உள்ளே திரும்பியது, அதன் பின்னால் இன்னொன்று.

"முன்னால வர்றது அவன். பின்னால நம்மளுது," என்றாள்.

ஆமாம் என்றேன்.

அவள் வீட்டுக்குத் திரும்பவில்லை. படகின் அடி மணலில் உரசி, அண்ணன் இறங்கி, கயிற்றை முளையில் கட்டி முடிக்கும் வரை அங்கேயே நின்றாள். அதற்குப் பிறகுதான் அடுப்புப் பற்ற வைக்கப் போனாள்.